உறவு என்ற கட்டம்

தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் பிசிறு அக்கா. வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைக் கூப்பிடுவதற்குத்தான் ஆள் இல்லை. தைத்து முடித்த சட்டைகள் மூட்டை மூட்டையாக அவள் மேசைக்கு வரும். காலர் மடிப்பில், பொத்தான் துளையில், கைப்பட்டை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. பழக்கதோஷம், பஸ்ஸில் முன் சீட்டு ஆளின் தோளில் ஒரு நூல் தொங்கினாலும் கை பரபரக்கும். ஒருநாள் பிய்த்தே விட்டாள். அந்த ஆள் திரும்பி முறைக்க, நூலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அதே கூடத்தில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர் அவள் கணவர். அவருக்குப் பெயர் அரைவார்த்தை. எதையும் பாதிதான் சொல்வார். "சாப்பாடு..." என்பார். வேண்டுமா, போதுமா, உப்பில்லையா என்பதை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் மீதியைக் கேட்டு வாங்கப் பார்த்தாள் பிசிறு அக்கா. கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒரு வருஷத்தில் கைவிட்டுவிட்டு, அவர் தொடங்கியதைத் தானே முடித்துக்கொள்ளப் பழகினாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மீதி ஒன்றைப் பற்றி அவரும் புகார் சொன்னதில்லை. புகாரும் முழு வாக்கியமாகத்தானே சொல்ல வேண்டும்?

குடியிருப்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பதினைந்து வயது மகளின் படிப்பு மேசை, நடுவில் பகலெல்லாம் சுருட்டி வைத்த பாய்கள். தண்ணீர்க் குழாய் மாடிக்கு ஒன்று. அந்தக் கட்டடத்தில் ஏணி ஒரு வீட்டில் இருக்கும், சுத்தியல் ஒரு வீட்டில் இருக்கும், விருந்தாளிக்குப் போடும் நாற்காலி ஒரு வீட்டில் இருக்கும். யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துப்போய்த் திருப்பி வைப்பார்கள். கேட்பதுகூடக் கிடையாது. எடுத்துக்கொண்டு போகிறபோது குரல் கொடுத்தால் போதும்.

மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான் போயிற்று.

ஏழை வீடுகளுக்கு நகரத்தில் அரசாங்கம் கொடுத்த அட்டை அது. ஒரு பெண் கையில் சின்னக் கம்ப்யூட்டரோடு படியேறி வந்து, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொண்டு போனாள். ஆறு மாதத்தில் ஆளுக்கொன்று வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "இந்த அட்டை குடும்பத்தினர் பயன்பாட்டிற்கு மட்டும்."

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று எங்கோ ஒரு சட்டத்தில் எழுதியிருக்கும். பிசிறு அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குக் குடும்பம் என்றால் குடும்பம். அதில் முதல் வரிசையில் நாத்தனார் இருந்தாள். கணவரின் ஒரே தங்கை. ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நாலு தெரு தள்ளித் தனியாக ஒரு அறை. கணக்கெடுக்கும் பெண் வந்த அன்று நாத்தனார் வேலையில் இருந்தாள். கதவு பூட்டியிருந்தது, பெயர் விட்டுப்போயிற்று.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நாத்தனாருக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது. சுருண்டு சுருண்டு விழுந்தாள். அட்டை இல்லை என்று அழுதாள். பிசிறு அக்கா பெட்டியைத் திறந்து தன் அட்டையை எடுத்து நீட்டினாள். "குடும்பத்துக்குன்னுதானே போட்டிருக்கு? நீ என்ன பக்கத்து வீடா?" என்று கேட்டாள். அட்டையில் இருந்த போட்டோ ஒரு புண்ணியவான் எடுத்தது. அதில் யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். விரல் ரேகை மிஷினெல்லாம் அப்போது வரவில்லை.

நாலு நாள் நாத்தனார் அண்ணி பெயரில் படுத்திருந்தாள். அண்ணி நாத்தனார் பெயரில் பக்கத்தில் இருந்தாள். நர்ஸ் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்மதப் படிவத்தில் அண்ணியே கையெழுத்துப் போட்டாள். உறவு என்று கேட்ட கட்டத்தில் "நாத்தனார்" என்று எழுதினாள். எழுதிவிட்டு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏணியைத் திருப்பி வைத்த மாதிரி அட்டை பெட்டிக்குத் திரும்பியது.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து நாத்தனாருக்கும் சொந்தமாக அட்டை வந்துவிட்டது. பழைய கதை எல்லாருக்கும் மறந்துபோயிற்று. கம்ப்யூட்டருக்கு மட்டும் மறக்கவில்லை.

பிசிறு அக்காவுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் தோள்பட்டை வரைக்கும் போகும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல், பை வீங்கியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள், வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். சரி, அட்டைதான் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பித்தப்பை உங்களுக்கு ஏற்கெனவே எடுத்தாச்சேம்மா."

"எப்போ?"

"நாலு வருஷம் முன்னாடி. ஆளுக்கு ஒண்ணுதாம்மா இருக்கும்."

ஸ்கேன் படத்தை நீட்டினாள். அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இல்லாத பை படத்தில் கல்லோடு இருந்தது. இரண்டில் ஒன்று பொய் என்பது அவருக்குப் புரிந்தது. எது பொய் என்பது அவளுக்கும் புரிந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். பின்னால் நின்ற வரிசையைப் பொருட்படுத்தாமல் குரலைத் தாழ்த்தி விளக்கினார். பழைய ஆஸ்பத்திரி தப்பாகப் பதிந்துவிட்டது என்று எழுதி வாங்கி வரலாம், எந்த ஆஸ்பத்திரியும் கொடுக்காது. அட்டையை வேறு ஒருவர் பயன்படுத்தினார் என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் யார் என்று சொல்ல வேண்டும், அட்டை ஒரு வருஷம் முடங்கும். இல்லையென்றால் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அட்டையே கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த ஆபரேஷனுக்கு வரிசை ஐந்து மாதம்.

அவள் வீட்டுக்கு வந்தாள். நாத்தனாரைக் காட்டிக் கொடுப்பதா, ஐந்து மாதம் வயிற்றில் வெடிகுண்டை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டுவதா? இரண்டும் அவளுக்கு ஆகவில்லை.

விஷயம் கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். பிசிறு அக்காவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், என்னால்தானே அண்ணி என்றாள். அழுகை நின்றதும் அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வாயும் மூளையும் ஒன்றாக ஓடுகிற பிறவி அவள்.

"என் பையை உங்க கார்டுல எடுத்தாங்க. உங்க பையை என் கார்டுல எடுத்துட்டா? சரியாப் போச்சு. ஆளுக்கு ஒண்ணு."

பிசிறு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. வலியோடு சிரித்தாள். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. யாரிடமும் எதையும் அதிகமாக எடுக்கவில்லை. இரண்டு பெண், இரண்டு பை, இரண்டு அட்டை. கொஞ்சம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதானே? விரல் ரேகையை நாத்தனார் வந்து வைத்துவிடுவாள். வார்டில் யார் ரேகை பார்க்கிறார்கள்? ஊருக்கு அந்தக் கோடியில் இன்னொரு காப்பீட்டு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இவர்கள் முகம் யாருக்கும் தெரியாது.

அரைவார்த்தை அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மகளின் மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார். நிமிர்ந்து, "இது..." என்றார். நிறுத்திவிட்டார். தங்கை அதை "இது நல்ல யோசனை" என்று முடித்துக்கொண்டாள். மனைவி "இது கொஞ்சம் பயம்தான், ஆனா பரவாயில்ல" என்று முடித்துக்கொண்டாள். அவர் என்ன நினைத்தார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. பத்தில் ஒன்று தப்பும் என்றோமே, அது இது.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. நாத்தனார் வாசலில் நின்றுகொண்டு தன் பெயரையே உரக்கக் கூப்பிடுவாள். பிசிறு அக்கா "ஆங்" என்று திரும்ப வேண்டும். பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண் எல்லாம் மனப்பாடம். மகள் பரீட்சைக்குப் படிப்பதைவிட அம்மா நன்றாகப் படித்தாள். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து ரத்த சொந்தம்தான் போட வேண்டும் என்றார்கள் அந்த ஆஸ்பத்திரியில். நாத்தனாரே நோயாளி ஆகிவிட்டபடியால் அவள் போட முடியாது. மகளுக்கு வயது போதாது. அரைவார்த்தைதான் போட வேண்டும். அவர் சொந்த அண்ணன்தானே? அதில் பொய்கூட இல்லை.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும் அண்ணா. அதுல அண்ணன்னு எழுதணும். நாலே எழுத்து" என்று நாத்தனார் சொல்லிக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டினார்.

அந்த நாளும் வந்தது. காலையில் நாத்தனார் கவுண்டரில் விரலை வைத்தாள். மிஷின் பச்சை விளக்குக் காட்டியது. சீட்டை வாங்கி அண்ணி கையில் கொடுத்துவிட்டு, கீழே டீக்கடைப் பக்கம் போய் முகத்தை முக்காடு போட்டு மூடிக்கொண்டு நின்றாள். பிசிறு அக்கா மேலே போனாள். ஆஸ்பத்திரி அங்கி மாட்டினார்கள். கையில் நாத்தனார் பெயர் எழுதிய பட்டையைக் கட்டினார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள். "ஆங்" என்றாள். தப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். தலைமை நர்ஸ் படிவத்தோடு வந்தார். வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். அரைவார்த்தையிடம் அடையாள அட்டை நகலை வாங்கிப் படிவத்தோடு பின் அடித்துப் பேனாவை நீட்டினார். அரைவார்த்தை தன் பெயர் எழுதினார். அப்பா பெயர் எழுதினார். உறவு என்ற கட்டத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு தங்கை சொன்னது போலவே நாலே எழுத்து எழுதினார்.

கணவர்.

நர்ஸ் வாங்கிப் படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடியும் படித்தார். நோயாளியின் தந்தை பெயரில் விரலை வைத்தார். கையெழுத்துப் போட்டவரின் தந்தை பெயரில் இன்னொரு விரலை வைத்தார். ஒரே பெயர், ஒரே எழுத்துக்கள். ஒரு அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேர் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே முகம் கேட்டது. ஒரு நாளைக்கு நானூறு சட்டையில் பிசிறு பார்க்கிறவள் கண்ணுக்கு, புருஷன் மனசில் நீட்டிக்கொண்டிருந்த இந்தப் பிசிறு பத்து நாளாகத் தட்டுப்படவில்லை.

நர்ஸே ஒரு வழியும் திறந்துவிட்டார். பதற்றத்தில் மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு.

"அண்ணனா நீங்க? மாத்தி எழுதிட்டீங்களா? அடிச்சிட்டு எழுதுங்க, பரவாயில்ல."

தள்ளுவண்டியில் படுத்தபடியே பிசிறு அக்கா கணவரைப் பார்த்தாள். ஆமா என்று சொல்லுங்கள், ஆமா என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவருக்கு ஒரு வார்த்தை போதும், அரை வார்த்தைகூடப் போதும்.

"இல்ல சிஸ்டர்" என்றார் அவர். "இவ என் பொண்டாட்டி."

முழு வாக்கியம். இருபத்தொரு வருஷத்தில் அவள் எண்ணி நாலைந்துதான் கேட்டிருப்பாள்.

அப்புறம் என்ன, பூசணிக்காய் சோற்றைவிட்டு வெளியே வந்துவிட்டது. டாக்டர் வந்தார், காப்பீட்டு அதிகாரி வந்தார், கீழேயிருந்து நாத்தனாரை அழைத்து வந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதிகாரி கேட்டதையெல்லாம் நாத்தனார் ஒப்புக்கொண்டாள், பழைய ஆபரேஷன் உட்பட. போலீசுக்குப் போக வேண்டிய விஷயம், போகாமல் விடுகிறேன் என்று அவர் சொன்னார். இரண்டு அட்டையும் ஒரு வருஷத்துக்கு முடக்கம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். தள்ளுவண்டியைத் திருப்பி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். பிசிறு அக்கா அங்கியைக் கழற்றிவிட்டுத் தன் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் அதற்குள் போய்விட்டிருந்தாள். கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு எழுத்து" என்றாள். "எழுதியிருந்தா இந்நேரம் உள்ள இருப்பேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உள்ள போயி நீ திரும்பலன்னா? தங்கச்சி செத்துட்டான்னு பேப்பர் குடுப்பாங்க. தங்கச்சி கீழ டீக்கடையில நிக்கிறா. நான் யாருக்கு அழறது? இத்தன வருஷம் உங்கூட வாழ்ந்துட்டு, நீ எனக்கு யாரோன்னு கையெழுத்துப் போட எனக்குக் கை வரல."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாள். பிசிறு அக்காவுக்கு விலாவில் வலி பிடித்திருந்தது.

"நீங்க அழறதுக்காக நான் வலியோட கெடக்கணுமா?"

"நான்..." என்றார். இந்த முறை அவள் அதை முடித்துவைக்கவில்லை. எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தாள், சொந்தப் பெயர். ஐந்து மாதம் தள்ளித் தேதி கிடைத்தது. வேலைக்குப் போனாள், வந்தாள், எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டாள். கணவரோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், தட்டு வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. பேசாத மனுஷனோடு பேசாமல் இருப்பதில் ஒரு தொல்லை, அவருக்கு அது தண்டனை என்று தெரிகிறதா என்றே தெரியாது. மகள்தான் நடுவில் தபால்காரி வேலை பார்த்தாள். நாத்தனாரும் அண்ணனிடம் பேசவில்லை. அவள் அண்ணியிடம் மட்டும் வருவாள், வந்து பொருமுவாள்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவ முழுசாப் பேசினான் அண்ணி. அதுக்கு அன்னிக்கா நாள் கெடச்சுது?"

பிசிறு அக்காவின் மனசுக்குள் இரண்டு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அவர் செய்தது துரோகம் என்று தீர்ப்பாகும். மதியம் வலி இல்லாத நேரத்தில், தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது தன் மணிக்கட்டில் இருந்த பட்டை நினைவுக்கு வரும். அதில் நாத்தனார் பெயர். நெஞ்சு நின்றுபோயிருந்தால் அந்தப் பட்டையோடுதான் அனுப்பியிருப்பார்கள். அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றும். அடுத்த வலியில் அந்தத் தீர்ப்பும் ரத்தாகும்.

ஏழாவது வாரத்தில், காலை பத்து மணிக்கு, காலரில் கத்தரி வைத்த நிலையில் அப்படியே சட்டைக் குவியல் மேல் சாய்ந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மிஷினுக்கு அடியில் படுத்திருந்த அரைவார்த்தை கையில் எண்ணெயோடு ஓடி வந்து அவளைத் தூக்கினார். சட்டை மூட்டை ஏற்றுகிற வேனில் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பை பொத்துக்கொண்டுவிட்டது. அவசர கேஸுக்கு வரிசை கிடையாது. ஐந்து மாத வரிசையைத் தாண்ட, செத்துப்போகிற நிலைமைக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அவள் பிழைத்துவிட்டாள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பதினாறு நாள் படுத்திருந்தாள், இரண்டு மாதம் கழித்து அதே மேசைக்குத் திரும்பினாள். ஆனால் அந்தக் காலையில் அது யாருக்கும் தெரியாது. டியூட்டி டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது. உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, உடனே திறக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று படிவத்தை நீட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அரைவார்த்தை படிவத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். விரல் எண்ணெய் காகிதத்தில் பட்டது. அவள் பெயர் எழுதினார். தன் பெயர் எழுதினார். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஏழு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டில் பேச்சில்லை. இங்கே எதை எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பெயர் அவள் பெயர், உறவு அவர் உறவு. இருந்தும் அவர் திரும்பி ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளைப் பார்த்தார். "என்னன்னு..." என்றார்.

அவள் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. பிரித்துப் பேச ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கணவர்னு எழுதுங்க" என்றாள். "நான் வரலன்னா நல்லா அழுங்க. எனக்குன்னு அழுங்க."

அவர் எழுதவில்லை. படிவத்தைச் சுவரோடு அழுத்தியபடி, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"இப்பவே இல்லங்க" என்றாள் பிசிறு அக்கா. "மொதல்ல எழுதுங்க."